இரண்டாம் கோட்டைக்கு வழி

1

குடியுரிமை விண்ணப்பம் சம்பந்தமாக நகர அலுவலகத்துக்குப் போன மாதம் மூன்றாவது தடவையாகப் போனோம். இந்த ஜெர்மனியில் ஒரு காகிதம் கேட்பார்கள், கொண்டுபோய்க் கொடுத்தால் அதைப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்பார்கள். கல்யாண வீட்டுக்கு ஒருவரை அழைத்தால் நாலு பேர் வருவதுபோல. இந்தத் தடவை என் பெயர்தான் சிக்கல். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பாவின் பெயரைத்தான் முன்னால் போடுவோம் என்று என் தடுமாறும் ஜெர்மனில் விளக்கினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், “அப்படியென்றால் உங்கள் குடும்பத்துக்குப் பெயரே இல்லையா?” என்று மெய்யான பரிதாபத்தோடு கேட்டார்.

பிறகு சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த என் மகள் லேயாவிடம் திரும்பினார். பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள்.

“நீ வீட்டில் என்ன மொழி பேசுவாய்?”

“ஜெர்மன். தமிழும் பேசுவேன். என் சித்தப்பாவோடு.”

“சித்தப்பா உங்களோடு இருக்கிறாரா?”

“இல்லை, அவர் நாகர்கோவிலில் இருக்கிறார். தினமும் சேர்ந்து விளையாடுவோம்.”

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அப்பாவோடு?” என்றார்.

லேயா தோளைக் குலுக்கினாள். “அப்பாவோடு என்ன வருதோ அது.”

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது. பதினைந்து வருடமாகச் சோறு போட்டு, பனியில் பள்ளிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போய், சனிக்கிழமைகளில் ‘அணில், ஆடு’ சொல்லிக்கொடுத்தவன் நான். தமிழ் மட்டும் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் என் தம்பி செல்வினோடாம். அந்தச் செல்வின் மேல் எனக்கு வந்த பொறாமையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2

இதற்கெல்லாம் காரணம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. வாளும் மந்திரமும் பூதமுமாக ஒரு மாய தேசம், அதில் நாம் ஒரு வீரனை உருவாக்கி, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஒரு சாம்பல் நிறக் கோட்டையின் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘கோட்டை’.

நான் கல்லூரியில் இருந்தேன், செல்வின் பன்னிரண்டாம் வகுப்பு. கோட்டாற்றில் ஒரு சந்துக்குள் இருந்த கடையில் அந்த சிடி கிடைத்தது. கீறல் விழுந்தது, பாதி நேரம் முக்கும். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், விளையாட்டில் ஒரே வீரன், நாங்கள் ரெண்டு பேர். ஆளுக்குப் பாதி நேரம் என்று ஆரம்பித்து அடிதடியானதும், வேறு வழி கண்டுபிடித்தோம். கீபோர்டு அவனுக்கு, மவுஸ் எனக்கு. கீபோர்டில்தான் வீரன் நடப்பான். மவுஸில்தான் திரும்பிப் பார்ப்பான், வாள் வீசுவான். அதாவது நடை அவன், பார்வை நான். ஒருவன் ஓட நினைக்கும்போது இன்னொருவன் வாளை ஓங்கினால் வீரன் சுவரில் முட்டிச் சாவான். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் முழங்கை இடிக்க உட்கார்ந்து, கொஞ்ச நாளில் பேசாமலே சேர்ந்து நடக்கப் பழகினோம்.

அந்த முதல் கோட்டையில் வழிகாட்டும் அம்புக்குறி எதுவும் கிடையாது. வழிப்போக்கர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் திரை நிறைய ஆங்கிலத்தில் பதில் எழுதுவார்கள். ஆலைக்குக் கிழக்கே போ, ஆறு பிரியும் இடத்தில் வலது கரையில் ஏறு என்கிற மாதிரி. செல்வின் தமிழ் மீடியம். நான் வாசித்துச் சொன்னால்தான் அவன் நடப்பான். வாயில் நுழையாத இடங்களுக்கு எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டோம். ரெண்டு மலைக்கு நடுவே காற்று ஆளைத் தள்ளும் கணவாய்க்கு ஆரல்வாய்மொழி. காயம் பட்டால் ஆற்றிவிடும் மடத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் நெய்யூர். சந்தை கூடும் ஊருக்குக் கோட்டாறு, வேறென்ன.

கடைசியில் கதவைத் திறந்தோம். எழுத்துகள் ஓடி முடிந்து திரை கறுத்தது. செல்வின் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல், “அண்ணே, அடுத்தது எப்பம் வரும்?” என்று கேட்டான். வரும்லே, அடுத்த வருசம் வரும் என்றேன்.

3

வந்தது. ஆனால் அவன் தலையிலும் என் தலையிலும் நரை விழுந்த பிறகு. அதற்குள் நான் பெங்களூர் போய், மெர்லினைக் கட்டி, அவளுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் பின்னாலேயே வந்து, ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். செல்வின் ஊரில் சிசிடிவி கேமரா மாட்டும் கடை வைத்திருக்கிறான். கல்யாணம் அமையவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபின் அந்த வீட்டில் அவன் மட்டும்தான்.

போன கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது லேயா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே திரிந்தாள். வெயில், கொசு, யாரைப் பார்த்தாலும் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். மூன்றாம் நாள் அவளும் செல்வினும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். புதிதாக வந்த ரெண்டாம் கோட்டையை அவளுக்குக் காட்டினான். இதில் ஒரே வீரன் என்ற கணக்கு இல்லை. எந்த ஊரில் இருந்தும் ஆளுக்கொரு வீரனாகச் சேர்ந்து ஒரே குழுவாகப் போகலாம். திரும்பி வந்ததில் இருந்து இங்கே மாலை ஐந்தரை, அங்கே ஒன்பது மணி ஆனால் இருவரும் ஆஜர். நான் அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டே, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வரும் பேச்சைக் கேட்பேன். அவன் குரல் கேட்காது, அவளுடையதுதான்.

“சித்தப்பா, ரெத்தம் கொறஞ்சாச்சு. நெய்யூருக்குப் போலாமா?”

கொஞ்சம் நிறுத்தம்.

“அய்ய, நான் பாக்கல்ல. பொறத்தால நிக்கானா?”

மறுபடி நிறுத்தம். பிறகு என் மகள், ஜெர்மன் பள்ளியில் கவிதை ஒப்பிப்பவள், “எளவு, செத்தேன்!” என்று கத்துவாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதைவிட மோசமான ஒன்று வந்தது. அவள் பேசியது எங்கள் ஊர்த் தமிழ். நான் பேசாத எங்கள் தமிழ். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு பொங்கல் விழாவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என் பேச்சைக் கேட்டு, “நீங்க மலையாளமா?” என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். அடுத்த விழாவில் இன்னொருவர் கேட்டார். அதற்கப்புறம் நானே ஒவ்வொரு சொல்லாக மடக்கி உள்ளே வைத்துவிட்டு, டிவி செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு தமிழைப் பேச ஆரம்பித்தேன். லேயாவிடமும் அதுதான். அவளுக்கு அது பாடப்புத்தகம் போல இருந்திருக்கும். அவள் என்னை ஜெர்மன் பிள்ளைகள் மாதிரி ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறாள். நாற்பத்தைந்து வயதில் பாப்பா ஆகிவிட்டேன் என்று மெர்லின் சிரிப்பாள்.

4

ஒருநாள் லேயா சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டே சாப்பிட வந்தாள். என்னவென்று கேட்டேன். வழக்கம்போல ஜெர்மனில்தான், ஆனால் சொல்லும் மனநிலையில் இருந்தாள், அதிசயம்.

ரெண்டாம் கோட்டையின் சந்தை ஊரில் ஓர் ஏலக் கூடம் இருக்கிறது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் விளையாடுபவர்கள் அங்கே வந்து பொருள் விற்பார்கள். லேயா காட்டில் பறித்த ஒரு கட்டு பச்சிலையை ஏலத்தில் வைத்திருக்கிறாள். செல்வின் அதை ஒரு குதிரையின் விலைக்குக் கேட்டு எடுத்திருக்கிறான். எடுத்த கையோடு, “திரும்பவும் ஏலம் மக்ளே” என்று மறுபடி வைத்தானாம். அடுத்து லேயா எடுத்தாள். அவளும் திரும்ப வைத்தாள். மைக்கில் செல்வின் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ கூவ, ஒரு கட்டு பச்சிலை நாலு தரம் கைமாறியிருக்கிறது. பிரேசில்காரர் ஒருவர் இது ஏதோ மோசடி என்று மற்றவர்களை எச்சரித்தாராம்.

“இது அறுப்பின் பண்டிகை, பாப்பா. உனக்குத் தெரியுமா? சர்ச்சில் பலாப்பழம், வாழைக்குலை, கோழி எல்லாம் ஏலம் போடுவார்கள். எடுத்தவர்கள் திரும்பக் கொடுத்து, மறுபடி ஏலம் போடச் சொல்வார்கள்!”

எனக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். செவ்வாழைக் குலையைத் தோளில் சுமந்து ஆலய முற்றத்தில் ஏலத்துக்கு நின்றவனிடம் கேட்கிறாள். போதாததற்கு இதே கதையை இதே மேசையில் ரெண்டு வருடத்துக்கு முன் நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தெரியும், சாப்பிடு” என்றேன். மெர்லின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாம்பாரில் உப்பு கூடிவிட்டதா என்று கேட்டாள்.

5

பிறகு நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ரெண்டாம் கோட்டையை எனக்கும் ஒன்று வாங்கினேன். எனக்குப் பிற்பகல் ஷிப்ட் இருக்கும் வாரங்களில் லேயா பள்ளிக்குப் போனபின் காலையில் உட்கார்ந்து விளையாடினேன். சாமர்த்தியமாகத் தேறி, ஒருநாள் திடீரென்று அவர்கள் முன்னால் போய் நின்று அசத்த வேண்டும் என்பது திட்டம்.

ரெண்டையும் விளையாடியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். படம் என்று பார்த்தால் ரெண்டாவதுக்கு முதலாவது கால்தூசு பெறாது. முதல் கோட்டையில் ஆட்களின் முகம் சதுரமாக, அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். இதில் காற்றடித்தால் தலைமுடி ஒவ்வொன்றாக அசைகிறது. எங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அன்று வெறும் காற்றுதான். இப்போது நிஜ ஆரல்வாய்மொழி போலவே வரிசை வரிசையாகக் காற்றாலைகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். யாரோ நம்மூர்க்காரன் அந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், கேட்கத்தான் ஆளில்லை.

குறை என்று பார்த்தால் அம்புக்குறி. தங்க நிறத்தில் ஓர் அம்பு, போக வேண்டிய இடத்தை எப்போதும் காட்டிக்கொண்டே நிற்கிறது. யாரிடமும் வழி கேட்க வேண்டாம், எதையும் வாசிக்க வேண்டாம். ஆட்கள் வாய்திறந்து பேசுகிறார்கள், லேயா அதை ஜெர்மனில் கேட்கிறாள், செல்வின் ஆங்கிலத்தில் கேட்கிறான், இப்போது அவனுக்கு அது போதும். முதல் கோட்டையில் செத்தவன் செத்தான். இதில் தூக்கிவிட்டால் எழுந்துவிடுகிறான். விளையாட்டாக ரெண்டாவதுதான் மேல், மனசாட்சிப்படி அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தது முதலாவது. அதற்கு நான் தேவைப்பட்டேன்.

இன்னொரு விதியையும் கவனித்தேன். கோட்டைக் கதவு திறக்க வேண்டுமானால் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் வாசலில் வந்து நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் திறக்காது.

நாலு வாரத்தில் நான் அவர்களைத் தாண்டிப் போய்விட்டேன். கோட்டை அடிவாரத்தை எட்டியபோது அவர்கள் பாதி தேசத்தைக்கூடக் கடக்கவில்லை. செல்வின் அவளைத் தேவையில்லாத இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தான். யாரோ ஒரு கிழவியின் தொலைந்த ஆடு, ஏதோ ஒரு கொல்லனுக்குக் கரி. முதல் கோட்டையில் பறந்தவன் இவன். நான் நில்லு நில்லு என்று கத்தக் கத்த ஓடி எத்தனை தரம் சுவரில் முட்டியிருப்பான். வயசாகிவிட்டது, கை விளங்கவில்லை என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

6

குடியுரிமைக்காக நகர அலுவலகத்துக்குப் போய்வந்த அன்று இரவுச் சாப்பாட்டில் லேயா அலுத்துக்கொண்டாள். “சித்தப்பா கோட்டைக்குப் போகவே விடமாட்டேன் என்கிறார். எப்போது கேட்டாலும் ‘பைய போலாம் மக்ளே’.”

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “ஆற்றுப்பாலத்துக்குக் கீழே ஒரு குகை இருக்கிறது. அதுவழியே போனால் ஒரே நாளில் கோட்டை வாசல்” என்றேன்.

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. “பாப்பா, நீயும் விளையாடுகிறாயா?”

அசத்த நினைத்த கணம் இப்படி வந்து சேர்ந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த வழியை நான் அவளுக்கு உதவிக்காகச் சொல்லவில்லை. அந்த விளையாட்டு சீக்கிரம் முடிந்து தொலையட்டும், ஐந்தரை மணிக்கு அவள் அறைக் கதவு மூடாமல் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

லேயா இரவே அவனுக்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும், மறுநாள் தொழிற்சாலையில் உணவு இடைவேளையில் செல்வின் கூப்பிட்டான். சாதாரணமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவோம்.

“அண்ணே, குகைவழிய நீதான் சொல்லிக் குடுத்தியா?”

“ஆமாம். பிள்ளை கேட்டாள், சொன்னேன்.”

“அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

ரொட்டியைப் பிய்த்தேன்.

“நான் மொத மாசமே தனியா இருந்து முடிச்சாச்சு. எல்லா வழியும் தெரியும். வேணும்னுதான் அந்தக் கெழவிக்க ஆட்டத் தேடிக்கிட்டுக் கெடக்கேன்.”

“எதற்கு?”

“முடிஞ்சா அவ எதுக்கு என்ன விளிக்கப் போறா?” அவன் கடைக்குள் யாரோ கேமரா விலை கேட்டார்கள். அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தான். “ஓர்ம இருக்கா? ஒண்ணாம் கோட்டை முடிஞ்ச மறுவருசம் நீ பெங்களூருக்குப் போன. பொறவு அங்க. அந்தக் கதவு தொறந்தா ஆளு போவும் அண்ணே, எனக்குத் தெரியும்.”

நான் ஏதாவது பேச வேண்டும் என்று, “எங்கிட்ட அவ ஒரு வார்த்த பேச மாட்டேங்கா, உங்கிட்ட நாள் முழுக்கப் பேசுகா. வயிறு எரியாதாலே?” என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு அந்தத் தமிழ் தானாக வந்திருந்தது.

அவன் சிரித்தான். “கண்ணுகடி ஒனக்கா? நல்ல கூத்து. அவ ஒனக்கு அடுத்த முறியில இருக்கா. கதவத் தட்டினா தொறப்பா. சாப்பிட வருவா, இருமினா ஒனக்குக் கேக்கும். எனக்கு அந்த ஹெட்போனக் கழத்தினா வீட்டுல சீலிங் ஃபேன் சத்தந்தான்.”

இடைவேளை முடிந்த மணி அடித்தது. போனை வைத்துவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

7

சனிக்கிழமை லேயா என் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் பிடிவாதம் பிடித்து, இருவரும் குகைவழியாகப் போய்க் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார்களாம். “நீயும் எங்கள் குழுவில் சேர்ந்துகொள் பாப்பா. கடைசிச் சண்டைக்கு மூன்று பேர் நல்லது. உனக்குத்தான் வழி தெரியுமே.”

சேர்ந்தேன். ஹெட்போனை மாட்டினேன். காதில் ஒரு பக்கம் அடுத்த அறையில் இருப்பவள், இன்னொரு பக்கம் வெட்டூர்ணிமடம். செல்வின் இருமிவிட்டு, “வந்தியா அண்ணே” என்றான். குரலில் உற்சாகம் இல்லை. வரைபடத்தில் கோட்டை வாசலில் ரெண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அடிவாரத்திலிருந்து சுற்றிப்பார்க்கத் திரும்பி வந்திருந்த என் வீரன் அப்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளுக்குக் கீழே நின்றான். குகைக்கு அங்கிருந்து கூப்பிடு தூரம். தங்க அம்பு நேராகக் குகையைக் காட்டிப் பளபளத்தது. மூன்று பேரும் சேர்ந்து நின்றால் கதவு திறந்துவிடும்.

நான் அம்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேற்கே, காட்டுக்குள் ஓடினேன். நல்ல தூரம் ஓடி, ஒரு சதுப்பு நிலத்தில் இடுப்பளவு சேற்றில் நின்றேன்.

“பாப்பா, எங்கே போகிறாய்? குகை அந்தப் பக்கம்” என்றாள் லேயா, ஜெர்மனில்.

“வழி தெரியல்ல மக்ளே” என்றேன். “காத்து தள்ளிவிட்டுட்டு. எங்க நிக்கேன்னே வெளங்கல்ல.”

நான் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அடுத்த அறையில் அவள் நாற்காலி திரும்பும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. செல்வினுக்கு அது கேட்டிருக்காது என்று நினைத்தபோது, கூசாமல் சொல்கிறேன், கொஞ்சம் இனித்தது.

பிறகு செல்வின் பேசினான். அவன் குரலில் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது. “மக்ளே, ஒங்க அப்பனுக்குப் பண்டே வழி தெரியாது. நடந்தது பூரா நானாக்கும். இனி அவன அங்ஙன போய்க் கூட்டிட்டு வரணும். குகைவழி வேண்டாம், அதுல அவன் பயந்துருவான். சுத்திதான் வரணும். ரெண்டு மாசம் ஆவும்.”

லேயா பெருமூச்சு விட்டாள். கோட்டை வாசலில் நின்ற ரெண்டு புள்ளிகளில் ஒன்று அசைந்து, கதவை விட்டு விலகியது. அவளுடையதுதான் முதலில்.

“சரி, அப்பா,” என்றாள், “அங்ஙனயே நில்லுங்க. எங்கயும் போகாண்டாம். நாங்க வாறோம்.”